அப்பா கொண்டுவந்த பொன்

குற்றாலத்தில் எங்களுக்கு ஒரு வீடு உண்டு. அப்பா கட்டியது. சீசனில் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். மற்ற மாதங்களில் பூட்டிக் கிடக்கும். நாங்கள் குடியிருப்பது மேலகரத்தில். போன வருடம் பேரனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், பெண் வீட்டார் வந்து தங்குவதற்காக அந்த வீட்டில் ஏசி மாட்ட ஏற்பாடு செய்தோம். வயர் இழுக்கப் பரணில் ஏறிய எலக்ட்ரீஷியன் அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"சார்வாள், இங்கன ஒரு டப்பா கெடக்கு. கனமா இருக்கு. தங்கம்னா பாதி எனக்கு."

"தேள் இருந்தா முழுசும் ஒனக்கு" என்றாள் என் மனைவி கீழேயிருந்து.

துருப்பிடித்த பிஸ்கட் டப்பா. மூடியில் பர்மிய எழுத்து. மூடி இறுகியிருந்ததால் ஸ்குரூ டிரைவர் வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்த் திறந்தேன். தனியாகத் திறந்தது தற்செயல்தான்.

உள்ளே பத்துத் தாலிக்கயிறுகள். மஞ்சள் போய்ப் பழுப்பாகியிருந்தன. ஏழில் பொன் இருந்தது. மூன்று வெறும் கயிறு. எந்தக் கயிற்றிலும் முடிச்சு அவிழ்க்கப்படவில்லை. எல்லாமே கத்தியால் அறுத்தவை.

அப்பா இளவயதில் இரங்கூனில் துணிக்கடையில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, கப்பலில் இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கானவர்களோடு மலைவழியாக நடந்தே ஊர் வந்தவர். அந்த நடையைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. யாராவது வற்புறுத்திக் கேட்டால் மட்டும் சொல்வார்: "வழி நெடுக மரத்தடியில பொம்பளைங்க செத்துக் கெடந்தாங்க. யாரையும் தொடல. தாண்டித் தாண்டித்தான் வந்தோம்."

நான் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வரலாறு நடத்தியவன். அப்பாவின் இந்த வாக்கியத்தை வகுப்பில் பல முறை சொல்லியிருக்கிறேன்.

அவர் செத்தவர்களின் கழுத்திலிருந்துதான் எடுத்தார் என்று நம்புகிறேன். எழுந்து நடக்க முடியாமல் கிடந்தவர்களும் அந்த வழியில் இருந்திருப்பார்கள். இதற்கு மேல் நான் யோசிப்பதில்லை.

அந்த மூன்று வெறும் கயிறுகளை விளங்கிக்கொள்ளத்தான் கொஞ்ச நேரம் ஆனது. நாங்கள் அண்ணன் தம்பிகள் மூன்று பேர். எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டில் நல்ல நாள் பார்த்துப் பொன்னுருக்கு நடத்தி, அந்தப் பொன்னில்தான் தாலி செய்வார்கள். எங்கள் மூன்று பேர் கல்யாணத்துக்கும், கடையில் வாங்கிய பொன்னோடு அப்பா தன் மடியிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துப் போட்டார். "வீட்டுப் பழைய பொன்னு. கொஞ்சம் சேரணும்" என்றார். அண்ணனும் தம்பியும் இப்போது இல்லை. அவர்கள் மனைவிமாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் மனைவி இருக்கிறாள். ஐம்பது வருடத்துக்கு மேலாக அந்தத் தாலி அவள் கழுத்தில் இருக்கிறது.

நான் திரும்பி வந்ததும், "என்ன இருந்தது?" என்று கேட்டாள். எலக்ட்ரீஷியனும் பார்த்துக்கொண்டு நின்றான். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"அப்பா வச்ச பழைய பொன்னு கொஞ்சம்" என்று சொல்லி, டப்பாவை அங்கேயே அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். "பாத்தீங்களா. பேரன் கல்யாணம்னதும் மாமாவே எடுத்துக் குடுக்காக. இதையும் பொன்னுருக்குல சேத்திரணும்."

பொன்னுருக்குக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. என்னவெல்லாமோ யோசித்தேன். தென்காசிக் கோயில் உண்டியலில் போடலாம். மியூசியத்துக்கு எழுதலாம். பர்மாவிலிருந்து நடந்து வந்த குடும்பங்கள் இன்னும் எங்கெங்கோ இருக்கின்றன. பத்திரிகையில் ஒரு குறிப்பு போட்டுத் தேடலாம். இவற்றில் எதைச் செய்தாலும் அவளிடம் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் தன் கழுத்தில் கிடப்பதை அவள் என்ன செய்வாள்? புருஷன் உயிரோடு இருக்க அதைக் கழற்ற மாட்டாள். தெரிந்த பிறகு போட்டுக்கொண்டிருக்கவும் முடியாது.

ஒரு நாள் சாப்பிடும்போது ஆரம்பித்தேன். "ஒன் தாலியில இருக்கிற பொன்னு..."

"என்ன, கறுத்துப்போச்சா?" என்று எடுத்துப் பார்த்துவிட்டு முந்தானையால் துடைத்தாள். "எண்ணெய்ப் பிசுக்கு."

"இல்ல. நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

மறுநாள் குற்றாலத்துக்குப் போய், பூட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்து ஏழு பொன்னையும் கயிற்றிலிருந்து உருவினேன். சில கயிறுகள் கையிலேயே பொடிந்தன. பெண்கள் கயிறு மாற்றும்போது பழையதை ஓடுகிற தண்ணீரில் விடுவார்கள். நானும் பத்துக் கயிறுகளையும் சிற்றாற்றில் விட்டேன். முறையாகச் செய்துவிட்டதாக அப்போது ஒரு நினைப்பு.

சபையில் ஏழு தாலிகளை வைக்க முடியாது என்பதால், முன்கூட்டியே உருக்கி ஒரே கட்டியாக்கிவிட நினைத்து, தென்காசியில் எங்களுக்கு வழக்கமான ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார்.

"இது தெலுங்குக்காரங்க பொட்டு. இது வேதக்காரங்க தாலி, சிலுவை பாத்தீங்களா? இது நம்ம பக்கமே இல்ல, தஞ்சாவூர் வேலை. ஆளுக்கு ஒண்ணா இருக்கே, சார்வாள். ஏது?"

"அப்பா பர்மாவுல நகைக்கடையில இருந்தாரு" என்றேன்.

"அப்ப கடைச்சரக்கு." அவர் முகம் தெளிந்தது. சிலுவை போட்டதைத் திருப்பிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். "பின்னால எழுத்துக் கீறியிருக்கு. பேரு மாதிரி தெரியுது. வாசிக்கட்டுமா?"

"வேண்டாம். எல்லாத்தையும் உருக்கிரும்."

"அவசரப்படாதீங்க. கலந்துட்டா பொறவு பிரிக்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு."

அவர் மூசைக் கிண்ணத்தில் போட்டு ஊதினார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். சிலுவைத் தாலி கடைசியாகத்தான் இளகியது. கையை நீட்டி நிறுத்தச் சொல்லியிருக்கலாம், அதற்கு நேரம் இருந்தது. ஒரு பெயர் இருந்தது. தேவாலயப் பதிவேடுகளில் அந்தப் பெயர் இருந்திருக்கலாம். பழைய பதிவேடுகளைப் புரட்டி ஒருவரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று தெரிந்தவன் நான். வரலாற்றையே தொழிலாக வைத்திருந்தவன். அப்பாவுக்காவது பசி இருந்தது, பயம் இருந்தது, முன்னால் மலை இருந்தது. எனக்கு ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்திருந்தார்கள்.

அந்தக் கட்டியும் பொன்னுருக்கில் சேர்ந்தது. கல்யாணம் நன்றாக நடந்தது. அந்தப் பெண் நமஸ்காரம் செய்தபோது "நல்லா இரும்மா" என்றேன். "தீர்க்க சுமங்கலியா இருன்னு சொல்லுங்க" என்று மனைவி இடித்தாள். சொன்னேன். இருவரும் இப்போது பெங்களூரில் இருக்கிறார்கள்.

இதை எழுதி வைப்பதால் எதுவும் திரும்பி வரப்போவதில்லை. மனைவிக்குக் கண்புரை. இந்த எழுத்தை வாசிக்க அவளால் முடியாது, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். எனக்கு எண்பது ஆகப்போகிறது. நான் போனபின் அவள் தாலியைக் கழற்றி, எங்கள் வழக்கப்படி பாலில் போடுவார்கள். பிறகு அதைக் கழுவித் துடைத்து, வீட்டுப் பழைய பொன் என்று யாராவது எடுத்து வைப்பார்கள்.