ஆடாதோடைச் சாறும் என் டேங்கும்

எல்கடுவத் தேயிலைத் தோட்டங்கள் பக்கத்தில் இலைச்சாறு அடித்துப் பூச்சியை விரட்டிய முதல் ஆள் நான்தான்.

பொய். முதல் ஆள் என் மதினி, செத்துப்போன என் அண்ணனின் பெண்சாதி. நான் அவருடைய போஞ்சியை, பீன்ஸ் கொடியை, சாகடித்த ஆள். மூன்றாம் வகுப்போடு நின்றவன். மருந்துப் போத்தலில் இருக்கிற மண்டையோட்டுப் படத்தை மட்டும் பிழையில்லாமல் வாசிப்பேன். தேயிலைக்கு நடுவே முளைக்கிற களைக்குப் புல்லு மருந்து அடித்துக் கருக்குவது என் வேலை. முதுகில் மருந்து டேங்க் ஏறிவிட்டால் தோட்டத்துத் துரையே எனக்குக் கீழ்தான் என்று நடப்பேன்.

நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மதினிக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அண்ணன் பேரில் தோட்டம் கொடுத்தது. பயிர் இருக்கும்வரை வைத்துக்கொள்ளலாம், சும்மா கிடந்தால் வேறு ஆளுக்குப் போகும் என்று தோட்டத்துக் கிளாக்கர் ஐயா சொல்லியிருந்தார். மதினிக்கும் அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் மரக்கறி அந்த மண்ணிலிருந்துதான்.

நாட்டில் உரத்துக்கும் மருந்துக்கும் தடை போட்ட வருடம், போஞ்சி பூக்கிற நேரத்தில் கறுப்புச் செடிப்பேன் விழுந்தது. கொடி நுனியெல்லாம் மிளகுத்தூள் தூவியது போல. கடையில் மருந்து இல்லை; தோட்டத்து ஸ்டோரில் மட்டும் பழைய புல்லு மருந்து கொஞ்சம் மிச்சம் இருந்தது. மதினி யாரிடமும் போய் நிற்கவில்லை. வேலியில் நின்ற ஆடாதோடையை ஒடித்துவந்து உரலில் இடித்தார். வாளியில் ஊறப்போட்டு, மறுநாள் பழைய சேலைத் துணியில் வடித்து, ஒரு துண்டு சவர்க்காரம் கரைத்தார். பொழுது சாய்கிற நேரத்தில் விளக்குமாற்றை அதில் முக்கி முக்கி முதல் இரண்டு வரிசைக் கொடிமேல் உதறினார்.

நான் நின்று சிரித்தேன்.

"என்னா மதினி, போஞ்சிக்குப் பேய் ஓட்டுறீங்களா?"

"ஆமா கொழுந்தனாரே. இது முடிஞ்சதும் உங்களுக்குத்தான்."

நாலு நாளில் அந்த இரண்டு வரிசையும் தெளிந்துவிட்டது. பேன் காய்ந்து உதிர்ந்து கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருடம் டேங்க் சுமந்த முதுகு ஒரு விளக்குமாற்றிடம் தோற்பதா?

"எலைக்கு அடியிலதான் பேன் ஒளிஞ்சிருக்கும் மதினி. வெளக்குமாறு அங்க போகாது. நான் டேங்க்ல அடிச்சுத் தாறேன்" என்றேன்.

அன்றைக்கு நான் சொன்னதில் அது மட்டும் உண்மை.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. புல்லுக்கு ஒரு டேங்க், பூச்சிக்கு ஒரு டேங்க். ஒன்றை மற்றதற்கு எடுக்கக்கூடாது, ஒட்டிக்கிடக்கிற புல்லு மருந்து பயிரையும் கொன்றுவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரும் நானேதான். அன்றைக்கு ஸ்டோரிலிருந்து ஒருவருக்கும் தெரியாமல், கைக்கு எட்டியது என்று, என் புல்லு மருந்து டேங்கையே எடுத்துவந்தேன். லயத்துக்குத் தண்ணீர் விழுகிற பீலியில் அலசினேன். ஒரே தடவை. பின்னால் குடத்தோடு நின்ற பெண்கள் அவசரப்படுத்தினார்கள் என்பது சாக்கு.

"நல்லாக் கழுவுனீங்களா?" என்று மதினி கேட்டார்.

"மூணு தடவ! சோப்புப் போட்டு! என்னையவே நான் அப்படிக் குளிப்பாட்டுனது இல்ல."

மதினி சிரித்துக்கொண்டே சாற்றை ஊற்றினார். நான் எல்லா வரிசைக்கும் அடித்தேன். தெளிந்துவிட்ட இரண்டு வரிசையையும் விடவில்லை. ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்களே.

ஒரு வாரத்தில் கொழுந்து வெளுத்தது. பிறகு மஞ்சளாகிச் சுருண்டது. பேனும் செத்தது, உட்கார இடமில்லாமல். லயத்து ஆட்கள் வந்து பார்த்து, சாற்றில் காரம் கூடிவிட்டது என்றார்கள்.

"ரெண்டு கை எல கூடப் போட்டுட்டேன். எல்லாம் என் புத்தி" என்று மதினி தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த மஞ்சளை எனக்குத் தெரியும். எத்தனை வருடமாக நான் மருந்து அடித்த புல்லில் பார்க்கிற மஞ்சள்.

கிளாக்கர் ஐயா வந்து கொடிகளைப் பார்த்தார். "நீதானேப்பா மருந்துக்காரன். என்னா ஆச்சு இதுக்கு?" என்று என்னைத்தான் கேட்டார். டேங்க் என்று ஒரு சொல் போதும். குற்றம் எனக்கு வந்திருக்கும், என் வேலை போயிருக்கும், நிலம் மதினியிடம் நின்றிருக்கும்.

"பேனுக்கு வச்ச கஷாயத்தப் போஞ்சி குடிச்சிருச்சுங்க ஐயா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கிளாக்கர் ஐயாவும் சிரித்தார். நான் வாழ்க்கையில் சொன்ன பகிடிகளில் அவ்வளவு சிரிப்பு வாங்கியது வேறில்லை. மதினி செத்த கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் நிலம் வேறு ஆளுக்குப் போனது.

இப்போது கடையில் மருந்து வந்துவிட்டது. எங்கள் லயத்தில் யாரும் இலை இடிப்பதில்லை. "ஆடாதோடையத் தொட்றாதீங்க, என் பயிரையே தின்னுருச்சு" என்று மதினியே எல்லோருக்கும் சொல்கிறார். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டுகிறேன்.

போன பொங்கலுக்குச் சொல்லிவிடுவது என்றுதான் அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. நல்ல நேரம். "மதினி, அந்தப் போஞ்சி இருக்கே…" என்று ஆரம்பித்தேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு…

"கொழுந்தனாரே! உக்குவளைச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போறேன். பைய தூக்க வாறீங்களா, இல்ல பஸ்ஸ விட்டுரவா?"

மதினிதான். இப்போது, என் வீட்டு வாசலில் நிற்கிறார். மிச்சக் கதை பிறகு. போக வேண்டும்.