ஏழாவது ஆணியில் துரை

இது கட்டுக்கதை இல்லை. என் அக்காவுக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், அத்தனை விளக்கும் எரிந்துகொண்டிருந்த ஒரு கேலரிக்குள். அக்கா படங்களுக்குச் சட்டம் போடுகிறவள். ஒரு நூல் கோணினாலும் கழற்றி மறுபடி போடுவாள். இல்லாததை இருப்பதாகச் சொல்கிற ரகமில்லை.

அவளுக்கு ஒரே ஒரு தோழி. ஓவியம் வரைகிறவள். கல்லூரியில் வாய் ஓயாமல் பேசுவாளாம், அதனால் மைனா என்று பேர் வைத்தார்கள். இருபது வருடமாகியும் அந்தப் பேர் போகவில்லை. அன்று மைனாவின் முதல் தனிக் கண்காட்சி. எல்லாமே விலங்குகள். வெறும் வண்ணம் மட்டும் இல்லை. சாக்கு, கயிறு, துருப்பிடித்த தகடு, கிழிந்த துணி என்று ஒட்டி, அதன்மேல் தீட்டிய படங்கள். குதிரை, கழுதை, ஆந்தை, ஆடு, பூனை, ஒரு கிழட்டுக் காளை. மொத்தம் ஆறு. ஆறுக்கும் சட்டம் போட்டவள் அக்கா.

ஐந்து மணிக்குத் திறப்பு. படங்களை மாட்ட அக்கா இரண்டரைக்கே போய்விட்டாள். வாசலில் காவலாளி. உள்ளே இவள் மட்டும். வருகிறவர்களுக்கு டீ ஏற்பாடு செய்ய மைனா வெளியே போயிருந்தாள்.

இங்கே துரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துரை அக்காவின் நாய். வயதானவன், ஒரு பின்னங்காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பான். ஆனால் அந்த நடையிலும் ஒரு மிடுக்கு, அதனால் அந்தப் பேர். இதயக் கோளாறு, தினமும் ஒரு மாத்திரை. ஆறு மாதத்துக்கு முன் காணாமல் போனான். மாத்திரை அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அக்கா தெருத் தெருவாக அலைந்தாள். பசை டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து, கம்பத்துக்குக் கம்பம் நோட்டீஸ் ஒட்டியவள் மைனா. “அழாதடி, எங்கேயும் போயிருக்க மாட்டான்” என்று சொல்லிக்கொண்டே ஒட்டினாள்.

சரி. கேலரிக்கு வருவோம்.

மூன்று மணிக்கெல்லாம் ஆறு படங்களும் சுவரில் ஏறிவிட்டன. ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் நேர்.

3:10. குதிரைப் படம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. நேராக்கினாள்.

3:14. குதிரை மறுபடி சாய்ந்திருந்தது. கழுதையும். ஆடும். எதிர்ச்சுவரில் காளை வலது பக்கம் சாய்ந்திருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லாப் படமும் கோடிச் சுவரைப் பார்த்துத்தான் சாய்கின்றன.

கோடிச் சுவரில் ஒரு படம் தொங்கியது. காக்கிக் காகிதம் சுற்றி.

அவள் மாட்டவில்லை. ஏழாவது படம் என்று ஒன்று இல்லவே இல்லை.

“வாட்ச்மேன்... யாராவது உள்ளே வந்தாங்களா?”

“யாரும் வரலையேம்மா.”

3:21. பின்னாலிருந்து சத்தம். தரையில் நகம் படுகிற சத்தம்.

டிக்... டிக்... டிக்... சர்ர்ர்.

மூன்று கால் ஊன்றி, ஒரு கால் இழுபடுகிற சத்தம். பத்து வருடம் தினமும் கேட்ட சத்தம்.

திரும்பினாள். வெறும் தரை.

ஈர நாயின் வாடை மட்டும் வந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது...

காகிதத்தைக் கிழித்தாள்.

துரை.

ஒரு அறையின் மூலை. எலும்பு எண்ணலாம் போல ஒட்டிய வயிறு. கழுத்தில் கயிறு, நிஜக் கயிறு. வாயைச் சுற்றித் துணி, நிஜத் துணி. உடம்பெல்லாம் முடி, அதுவும் நிஜம். கண் மட்டும் ஒரு மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழ் மூலையில் மைனாவின் கையெழுத்து.

அக்கா தொட்டாள்.

சூடாக இருந்தது...

வாசலில் ஏதோ விழுந்தது. மைனா. காகிதக் கோப்பைகள் தரையெல்லாம் உருண்டன. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“இது... இது எப்படி இங்கே?”

“நீ வரைஞ்சதுதானே?”

“நான் இதை எரிச்சுட்டேன்டி. நாலு மாசமாச்சு. என் கையாலே கொளுத்தினேன்.”

அக்கா படத்திலிருந்து கையை எடுத்தாள். பிறகு கேட்டாள்.

“உன்கிட்டயா இருந்தான்?”

“ரெண்டே நாள்தான் வெச்சுக்க நினைச்சேன். வயசான மிருகம் ஒண்ணு, கிட்டத்துல இருந்து பார்த்து வரையணும்... வரைய வரைய விட மனசு வரலை.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே.”

“கேட்டா குடுத்திருக்க மாட்டே.”

“மாத்திரை போடணும்னு உனக்குத் தெரியும்.”

மைனா உருண்ட கோப்பைகளைப் பொறுக்கக் குனிந்தாள்.

“எத்தனை நாள் உயிரோட இருந்தான்?”

“பதினொண்ணு.”

டிக்... டிக்... டிக்... சர்ர்ர்.

இந்த முறை மைனாவுக்கும் கேட்டது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சத்தம் அவளைச் சட்டை செய்யவில்லை. தாண்டி வந்தது.

அக்காவின் காலருகே நின்றது.

ஏதோ ஒன்று அவள் காலில் மெதுவாகச் சாய்ந்தது. கனமாக. சூடாக.

ஒரு மூச்சு...

பிறகு எதுவும் இல்லை.

3:52க்கு கேலரி மேனேஜர் வந்தார். “இந்தச் சுவரை ஏன் காலியா விட்டிருக்கீங்க?” என்றார். இரண்டு பேரும் பார்த்தார்கள். ஒரு ஆணி. அதன் கீழே தரையில் ஒரு பிடி சாம்பல். அவ்வளவுதான்.

அக்கா சுத்தியலையும் ரசமட்டத்தையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். மைனா பின்னாலேயே ஓடிவந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அக்கா திரும்பவில்லை. இன்றுவரை திரும்பவில்லை.

எரித்த படம் எப்படிச் சுவருக்கு வந்தது? எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. அது அவளை அவ்வளவாக உறுத்தவும் இல்லை.

அவளை உறங்கவிடாதது வேறு. ஒரு மாதம் கழித்து மைனா வீட்டுக் கீழே கடை வைத்திருக்கும் தையல்காரரை வழியில் பார்த்தாள். அவர் விவரம் தெரியாமல் பேச்சுவாக்கில் கேட்டார்.

“மேல அந்தம்மா ஒரு நாய் வெச்சிருந்தாங்களே, அது என்னம்மா ஆச்சு? குரைக்கவே குரைக்காது. நீங்க ஒருநாள் வந்து உக்காந்து அப்படி அழுதீங்களே, அன்னிக்குத்தான் உள் ரூம் கதவைப் போட்டு உதை உதைன்னு உதைச்சுது. என் தலைமேலேயே உதைக்கிற மாதிரி இருந்துச்சு. அப்புறம் அந்தம்மா ரேடியோவைச் சத்தமா வெச்சாங்க.”

அக்காவுக்கு அந்த ரேடியோ நினைவிருந்தது. தலை வலிக்குதுடி, கொஞ்சம் குறையேன் என்று கேட்டிருக்கிறாள்.

மைனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதாளாம். ரேடியோவை மட்டும் குறைக்கவில்லையாம்.