ஆமென் சொல்லி முடிக்காத ஜெபம்

என் மகளைக் கர்த்தர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்திலேயே ஜெபித்தார்கள். அதற்கு எல்லாரையும்விட சத்தமாக ஆமென் சொன்னவள் என் மகள்தான். கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வந்த நான் இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் மாதனூர் பக்கம். நான் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். கணவர் இல்லை. மகள் பியூலாவுக்கு முப்பது வயது. அறிவு மட்டும் நாலு வயதோடு நின்றுவிட்டது. பேச்சும் சில வார்த்தைகள்தான். ஆனால் சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் கற்றது ஒன்று அவளை விட்டுப் போகவேயில்லை. யார் ஜெபம் என்று சொன்னாலும் கைகளைக் கூப்பிக் கண்களை இறுக மூடிக்கொள்வாள். ஆமென் வரும்வரை மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டாள். ஆமென் மட்டும் கூரை அதிரச் சொல்வாள்.

போன வருஷம் லெந்து என்னும் தவக்கால நாட்களில் அவள் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். சோற்றுத் தட்டைத் தள்ளினாள். கையைக் கடித்துக்கொண்டாள். பக்கத்துக் கிளினிக் டாக்டர் அவளைத் தொடக்கூட இல்லை. "இந்த மாதிரி ஆளுங்க அடிச்சிக்கத்தான் செய்வாங்க" என்று தூக்க மாத்திரை எழுதினார். சபையில் ஒரு அக்கா, பிசாசு என்றார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் பிள்ளைக்கு வலியே வாயில்தான் இருந்தது. எங்களுக்கு அது தெரியவில்லை.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமைதான் அந்த ஜெபம். ஜெபித்தவள் என் நாத்தனார் சலோமி. "தகப்பனே, எங்க அண்ணி பாரத்த இறக்கி வையும். இந்தப் பிள்ளைய உம்மண்டை எடுத்துக்கொள்ளும்" என்று அழுதுகொண்டேதான் ஜெபித்தாள். பியூலா, அறைந்து அறைந்து வீங்கியது என்று நாங்கள் நினைத்திருந்த வாயோடு, "ஆமென்!" என்று கத்திவிட்டு, வழக்கம்போல் பிஸ்கட்டுக்குக் கை நீட்டினாள். வாங்கினாளே தவிர அவளால் கடிக்க முடியவில்லை. அன்று எனக்கு ஆண்டவர்மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் காலை அவள் தலையணையில் சீழைப் பார்த்தேன். கடைவாய்ப் பல் அழுகியிருந்தது. முன்னமே நாற்றம் வந்திருக்கும். நாள் முழுக்கத் தோலையும் பசையையும் மோந்து பழகிய மூக்கு எனக்கு. எங்கள் தெருவில் எல்லாருக்கும் அப்படித்தான். அதற்குள் வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கிவிட்டது.

சலோமியும் நானும் அவளை வேலூருக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனோம். "இதுங்கள எல்லாம் எதுக்கும்மா பஸ்ல இட்டுனு வர்றீங்க?" என்றார் முன் சீட்டுக்காரர். நான் பியூலாவின் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கழுத்தைப் பார்த்ததும் முகம் மாறினார். "வீக்கம் மூச்ச அடைச்சிட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. மயக்கம் குடுத்து பல்ல எடுத்து சீழ வடிக்கணும். மொதல்ல நரம்புல ஊசி ஏத்தணும்."

அந்த ஊசிதான் ஏறவில்லை. நாலு ஆட்கள் பிடித்தார்கள். உதைத்தாள், கடித்தாள். இரண்டு இடத்தில் குத்தித் தோல் கிழிந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். "எரும மாதிரி இருக்குது, இத எப்டி புடிக்கறது?" என்றான் ஒருவன். பியூலா என்னைப் பார்த்து, "அம்மா, ஊசி வேணா" என்றாள். நான் அவள் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் இவளை அசையாமல் வையும் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அப்புறம் என்னையும் அறியாமல், "ஆண்டவரே, ஜெபம் பண்றேன், கேளுமய்யா!" என்று கத்திவிட்டேன்.

கட்டில் அடங்கியது. பிடித்தவர்கள் கையை எடுத்தார்கள். பியூலா இரண்டு கைகளையும் கூப்பிக் கண்களை இறுக மூடியிருந்தாள்.

சிஸ்டர் என் காதருகே வந்து, "நிறுத்தாதீங்கம்மா. ஜெபிச்சினே இருங்க" என்றார்.

என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரியும். ஜெபித்தேன். கம்பெனி பஸ் டிரைவருக்காக, சூப்பர்வைசருக்காக, மழைக்காக, எருமை என்றவனுக்காகக்கூட ஜெபித்தேன். கூப்பிய கையின் மேல்புறத்தில் ஊசி ஏறியது. அவள் புருவம் சுருங்கியது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கண்ணைத் திறக்கவில்லை, கையை இழுக்கவில்லை. ஏனென்றால் நான் இன்னும் ஆமென் சொல்லவில்லை. மருந்து உள்ளே போனதும் கூப்பிய கைகள் தானாக அவிழ்ந்து விழுந்தன.

சீழ் முழுவதும் வெளியே வந்தது. "நாளைக்கி வந்திருந்தா புள்ள இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. நான் கேட்டதைக் கர்த்தர் அப்படியே கொடுத்தார். அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை.

கண் விழித்தவள் முதலில் கையில் ஒட்டியிருந்த ஊசியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்று, "ஜெபம் பண்ணலாம் கண்ணு" என்றேன். கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஜெபமா? ஊசியா?" என்று கேட்டாள்.

இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். கன்னத்தில் அறைந்துகொள்வதில்லை. ஆனால் ஜெபத்தில் கண்ணை மூடுவதில்லை. எல்லாரும் மூடியிருக்கும்போது, கைகளை அக்குளில் ஒளித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். ஆமென் சொல்வதே இல்லை. ஒருநாள் சலோமி, "தகப்பனே, இந்தப் பிள்ளைய..." என்று ஆரம்பித்துக் கண்ணைத் திறந்தாள். பியூலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சலோமி ஜெபத்தை அங்கேயே விட்டாள். எழுந்து போய் டீயில் பிஸ்கட்டை நனைத்து அவளுக்கு ஊட்டினாள்.

அதற்குப் பின்னும் இரண்டு முறை ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. ஊசி என்றால் ஊசி என்றே சொல்லிவிடுகிறேன். குத்தும், வலிக்கும், அம்மா பக்கத்தில் இருப்பேன் என்கிறேன். கத்துகிறாள். நேரம் ஆகிறது, வரிசையில் நிற்கிறவர்கள் திட்டுகிறார்கள். கடைசியில் கையை அவளே நீட்டுகிறாள். ஜெபம் என்றால் என் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் உட்காருகிறாள்.

என்னைப்போல் வளர்ந்த பிள்ளையை இடுப்பில் சுமக்கிறவர்களே, கேளுங்கள், அவர் கொடுக்கிறார். எனக்குக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். ஆனால் பியூலாவுக்காக ஜெபிப்பதானால் கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்து ஜெபியுங்கள். அன்று ஆஸ்பத்திரியில் நான் தொடங்கிய ஜெபத்தை இன்னும் முடிக்கவில்லை. அதற்கு ஆமென் அவள்தான் சொல்ல வேண்டும்.