செமிசியின் குதிகால்

சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவமனையொன்றின் சலவைக்கூடத்தில் அருட்செல்வனுக்கு எதிரே நின்று படுக்கை விரிப்பு மடிக்கும் செமிசி, இரண்டு வகை றக்பியிலும் தொங்கா நாட்டுக்காக ஆடியவன். பதினைந்து பேர் ஆடும் வகையில் பதினொரு முறை, பதின்மூன்று பேர் ஆடும் வகையில் நான்கு முறை. இதை அவனாகச் சொல்லவில்லை. ஆறு மாதம் சேர்ந்து வேலை செய்த பிறகு, தோளிலுள்ள தழும்பைப் பற்றி அருட்செல்வன் கேட்டபோதுதான் வெளிவந்தது.

அதன்பின் அருட்செல்வன் விடவில்லை. ஒக்லாந்தில் பள்ளி நாட்களில் பதின்மூன்று, சிட்னியில் அதுவே பிழைப்பு, இருபத்தேழு வயதில் பிரான்சுக்குப் போய்ப் பதினைந்து, பிறகு லோசான் கழகமொன்றிலும் அதே பதினைந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தான்.

"இரண்டிலும் பந்து ஒன்றுதானே?"

"ஒன்றுதான். விழுந்த பிறகுதான் வித்தியாசம்," என்றான் செமிசி, தன் பிரெஞ்சில்.

பதின்மூன்றில், வீழ்த்தப்பட்டவன் எழுந்து பந்தைத் தரையில் வைத்து, பின்னால் நிற்கும் தோழனுக்குக் குதிகாலால் உருட்டுவான். அதுவரை யாரும் பறிக்கக்கூடாது. பதினைந்தில் விழுந்த இடத்திலேயே பந்துக்குச் சண்டை.

"இதில் எது உன்னுடையது?"

"சனிக்கிழமை எது வருகிறதோ அது."

அந்தப் பதில் அருட்செல்வனுக்குப் போதவில்லை.

முப்பத்தெட்டு வயதான செமிசிக்கு லோசான் கழகத்தில் அந்த ஆண்டே கடைசிப் பருவம். இறுதி ஆட்டத்தில் வென்று அணி தன் பிரிவில் நிலைத்தால் அவன்தான் அடுத்த பயிற்சியாளன் என்று கழகம் சொல்லியிருந்தது. தோற்றால் வெளியாள் வருவார். அவனுக்கு விரிப்புகள் மட்டும் மிஞ்சும்.

அந்த ஆட்டத்துக்கு அருட்செல்வன், கூடவே வேலை செய்யும் தம்பித்துரையையும் இழுத்துக்கொண்டு போனான்.

"இவ்வளவு பேர் மேல விழுந்து கிடக்கினம். கீழ கிடக்கிறவன் உயிரோடயோ?"

"பேசாமப் பாருங்கோ அண்ணை."

"நான் பாக்கிறன். கீழ கிடக்கிறவனுக்குத்தான் ஒண்டும் தெரியாது."

இரண்டு நிமிடம் மீதி, செமிசியின் அணிக்கு இரண்டு புள்ளி முன்னணி. பந்தை விடாமல் வைத்திருந்தால் போதும். செமிசி ஓடினான். ஒருவன் வீழ்த்தினான், ஆனால் அவன் பிடி நழுவியது. செமிசி எழுந்தான், பந்தைத் தரையில் வைத்தான், குதிகாலால் பின்னுக்கு உருட்டினான்.

பின்னால் ஒருவருமில்லை. எதிரணிக்காரன் ஒருவன் அதை அள்ளிக்கொண்டு ஓடிக் கோட்டுக்கு அப்பால் வைத்தான். ஐந்து புள்ளி, ஆட்டம் கைவிட்டுப் போனது.

"என்னடாப்பா உவன் செய்தவன்?"

"மற்ற விளையாட்டை விளையாடிப்போட்டான், அண்ணை."

திங்கட்கிழமை, பயிற்சியாளர் வேலை போய்விட்டது என்பது தெரிந்துதான் இருந்தது. தேநீர் இடைவேளையில் செமிசியே தொடங்கினான்.

"எது என்னுடையது என்ற உன் கேள்விக்கு என் கால் பதில் சொல்லிவிட்டது."

ஒரு தாளை நீட்டினான். வியாழன் பின்னேரம், ஏரிக்கரைப் புல்வெளி, பதின்மூன்று பேர் ஆட்டம். ஆட வருவோராக ஒன்பது பெயர்கள் இருந்தன.

அருட்செல்வன் யோசித்தான். பதினோராண்டு பதினைந்தைத் தவறாமல் ஆடியதைவிட, பதற்றத்தில் ஒரு கணம் செய்தது எப்படி உண்மையாகும்? அந்தப் பதிலை அவன் முழுதாக ஏற்கவில்லை.

"அங்கே பதினைந்தின் பழக்கம் வந்துவிட்டால்?"

செமிசி ஒரு பேனையைத் தாளின் மேல் வைத்தான்.

"தெரியாது. வந்து பார்."

அருட்செல்வன் பேனையை எடுத்துப் பத்தாவதாகத் தன் பெயரை எழுதினான். பிறகு, கேட்காமலே, தம்பித்துரையின் பெயரையும்.