இடமில்லை என்று சொல்லாதவள்

நகராட்சித் தலைவி ஆன பிறகும் ஊருக்கு அவள் கண்டக்டரம்மாதான். பஸ்ஸில் விசில் ஊதிய காலமெல்லாம் "இடமில்லை" என்று சொல்லி யாரையும் அவள் நிறுத்தத்தில் விட்டுவிட்டு வந்ததில்லை. "கொஞ்சம் உள்ள நகருங்க, அவங்களும் வீடு போய்ச் சேர வேணாமா?" என்று அதட்டியே ஏற்றிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் 'வீடு கட்ட விடாத தலைவி' என்று தலைநகரத்தில் பட்டம் கட்டினார்கள். வயிறு எரியாதா?

புதிய வீட்டுவசதிச் சட்டம் வந்திருந்தது. எந்த ஊரில் எங்கே கட்டுவது என்பதை இனித் தலைநகரமே முடிவு செய்யும். உள்ளாட்சி கருத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். இவள் ஊர் வரைபடத்தில் அவர்கள் வட்டம் போட்ட இடம், மழைநீரெல்லாம் வந்து தேங்கும் பள்ளம். மேட்டிலோ ரயில்வே நிலம் புதர் மண்டிக் கிடக்கிறது. அதுவும் தலைநகரத்தின் கையில் இருக்கிற நிலம்தான். அதைக் கொடுங்கள், நாளைக்கே கட்டலாம் என்று கருத்துக் கேட்புக் கூட்டத்தில் தொண்டை வறளக் கத்தினாள்.

"உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிட்டோம்மா" என்றார் அதிகாரி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

வீட்டிலும் நிம்மதியில்லை. மனைவி, கைக்குழந்தையோடு அவள் வீட்டின் ஒற்றை அறையில் முடங்கிக் கிடந்த மகனுக்கு அந்தப் பள்ளத்தில்தான் வீடு ஒதுக்கியிருந்தார்கள்.

"ஊர்ல எல்லாருக்கும் இடம் பிடிச்சுக் குடுத்த. எனக்குன்னு வர்றப்ப மட்டும் குறுக்க நிக்கிறியேம்மா" என்றான். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பள்ளத்தில் தோண்டிய அஸ்திவாரக் குழியைப் பார்க்க அதிகாரி காரில் வந்து இறங்கினார். மழை பெய்து மாதக்கணக்காகியும் குழியில் தண்ணீர் ஊறி நின்றது.

"என்ன சார் இது?" என்றாள்.

"இறைச்சு விட்டாச் சரியாப் போயிடும். வடிகால் உங்க நகராட்சி பொறுப்புதானேம்மா?"

முடிவெடுக்க அவர்கள், சேறு அள்ள இவளா? செருப்பை உதறிவிட்டுக் குழிக்குள் இறங்கினாள். முழங்கால்வரை தண்ணீர்.

"எங்க கருத்து இதுதான் சார். இறங்கி வந்து பதிவு பண்ணிக்குங்க!"

பஸ்ஸின் கடைசி சீட்டுவரை கேட்ட குரல் அது. வீடு ஒதுக்கப்பட்டு இடம் பார்க்க வந்திருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. அதிலிருந்து மகன் பதறிப்போய் ஓடி வந்தான்.

"மேல வாம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். உன் பிள்ளையை இதுக்குள்ளயா படுக்க வைக்கப்போற?"

அவன் குழியில் ஊறி நின்ற தண்ணீரைப் பார்த்தான். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினான்.

"அம்மா கூப்பிடுறாங்கல்ல? இறங்குங்க சார்."