ஆள் இருக்கிற வீடு

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முடிக்கும்போது நீங்கள் என்னைப் பார்க்கப் போகிற பார்வை எனக்குத் தெரியும், பலபேரிடம் பார்த்தாகிவிட்டது. வீட்டுத் தரகனுக்கு அந்த நம்பிக்கை எல்லாம் இருந்தால் தொழில் நடக்காது. ஒரு வீட்டில் பேய் இருக்கிறது என்று ஊரில் பேச்சுக் கிளம்பினால், அது எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டே போங்கள், அந்த வீட்டை அடிமாட்டு விலைக்கு முடிக்கப் பார்க்கிற பங்காளியின் வாயில்தான் போய் நிற்கும். அப்படி எத்தனையோ பேய்களை எனக்குத் தெரியும், எல்லாம் வெற்றிலை போட்டுக்கொண்டு உயிரோடு உலாவிய பேய்கள்தான்.

அறுபதுகளின் ஆரம்பம் அது. திருச்சியில் சத்திரம் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு காபி கிளப்பின் வாசல் பெஞ்சுதான் என் ஆபீஸ். புதிது புதிதாக உத்தியோகஸ்தர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள், எல்லாருக்கும் வீடு வேண்டும், தரகன் மட்டும் யாருக்கும் வேண்டாம். வீடு பார்க்கிற வரைக்கும் "அண்ணே" என்பார்கள், பத்திரம் பதிந்த மறுநாள் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். கிரகப்பிரவேசத்துக்கு என்னைக் கூப்பிட்டவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். போகட்டும், அது வேறு கதை.

பெரியகடை வீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த சிங்காரம் என்பவர் ஒரு நாள் ஆள் அனுப்பி என்னை வரச்சொன்னார். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு சந்தில் அவருக்கு வீடு இருந்தது. சாவியைக் கல்லா மேல் வைத்து என் பக்கமாகத் தள்ளினார்.

"காலியாத்தான் கிடக்கு. யாராச்சும் நல்ல பார்ட்டியாப் பாத்து முடிச்சு விடுங்க."

"நீங்க ஒரு தடவை கூட வந்து காட்டினா நல்லாயிருக்குமே."

"எனக்கு எங்க நேரம்? நீங்களே பாத்துக்குங்க."

நான் தனியாகத்தான் போனேன். பூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரம்மாள் வெளியே வந்தார். பூக்கட்டி விற்கிறவர், மடியில் கதம்பத்தோடேயே வந்து நின்றார்.

"விக்கிறாராமா?"

"ஆமாங்க."

"விக்கட்டும், விக்கட்டும். தனபாக்கியம் போயி இன்னும் வருஷம்கூடத் திரும்பலை."

தனபாக்கியம் சிங்காரத்தின் முதல் சம்சாரம். பிள்ளை இல்லை என்று அவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு புத்தூரில் புது வீடு கட்டிப் போய்விட்டார், இந்த அம்மாளை இங்கே விட்டுவிட்டார். மாதா மாதம் கடைப்பையன் அரிசி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவானாம். கடைசியில் ஜுரத்தில் கிடந்தபோது தெருவில் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார்கள், தீபாவளி வியாபாரம், கடையில் கூட்டம் என்று பதில் வந்திருக்கிறது. கொள்ளி வைக்க வந்தார். காரியம் முடிந்ததும் வண்டி கொண்டுவந்து வீட்டிலிருந்த அத்தனை பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார், கிணற்று ராட்டினத்தையும் வாளியையும்கூட விடவில்லை. பாத்திரக்கடைக்காரர் பாருங்கள்!

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நான் என்ன செய்தேன்? சுவரில் ஓதம் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தொழில் அப்படி.

சித்திரை மாதம், மத்தியான வெயில் கொஞ்சம் தணிந்த நேரம், சதாசிவம் என்று ஒருவரைச் சம்சாரத்தோடு அழைத்துக்கொண்டு போனேன். ரயில்வேயில் வேலை, புதுக்கோட்டையிலிருந்து மாற்றலாகி வந்தவர். அந்த அம்மாள் பெயர் விசாலம், அவருக்கு ரங்கநாதர் கோயில் மணிச் சத்தம் கேட்கிற இடத்தில்தான் வீடு வேண்டுமாம். இருவருக்கும் ஸ்ரீரங்கத்தில் ஒருவரையும் தெரியாது, அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தச் சந்துக்குள் நுழைகிறார்கள். அந்த வீட்டில் இருந்தது யார், செத்தது யார் என்று நான் வாயே திறக்கவில்லை. எந்தத் தரகன் சொல்வான்?

சதாசிவம் கூடத்தில் நின்று உத்தரத்தை அண்ணாந்து பார்த்து, தேக்கா, வேங்கையா, மூலப்பத்திரம் இருக்கிறதா என்று என்னைக் குடைந்துகொண்டிருந்தார். விசாலம் சமையலறையைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து பேச்சுக்குரல் கேட்டது. விசாலத்தின் குரல்தான்.

"ஆமாங்க, ரெண்டும் பொண்ணுங்க... இல்லைங்க, அதெல்லாம் ஒண்ணும் வேணாம், இப்பத்தான் காபி குடிச்சிட்டு வந்தோம்... ஐயோ, நீங்க எதுக்குங்க ஊத்துறீங்க, நான் கழுவிக்க மாட்டேனா?"

நடுநடுவே இடைவெளி விட்டு விட்டு. பக்கத்து வீட்டு அம்மாள் யாரோ சுவரைத் தாண்டிப் பேசுகிறார் என்று நினைத்தேன், அதில் பயப்பட என்ன இருக்கிறது? சதாசிவம்தான் கூப்பிட்டார். விசாலம் ஈரக்காலோடு கூடத்துக்கு வந்தார், முகத்தில் சிரிப்பு.

"வீட்ல ஆள் இருக்காங்கன்னு நீங்க சொல்லவேயில்லையே?" என்று என்னைக் கேட்டார்.

"ஆளா? யாரும் இல்லையேம்மா."

"இருக்காங்களே! ஒல்லியா, ரொம்ப அடக்கமா ஒரு அம்மா. காதுல தோடு இல்லை, ஓட்டை தூர்ந்துடாம வேப்பங்குச்சி செருகியிருக்காங்க. பாவம், எல்லாப் பாத்திரத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க, உனக்கு ஒரு வாய் காபி போட்டுக் குடுக்க முடியலையேம்மான்னு அப்படி வருத்தப்படுறாங்க. வெயில்ல வந்திருக்கியேன்னு காலுக்குத் தண்ணி ஊத்தினாங்க." பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "நீங்க வீட்டை வாங்கிக்குங்கம்மா, நான் ஒரு ஓரமா இருந்துக்கிறேன்னு கேக்குறாங்க. எனக்கு ஒண்ணும் சிரமம் இல்லைங்க, இருந்துட்டுப் போகட்டுமே" என்றார்.

நம்பினால் நம்புங்கள், எனக்கு அந்த நிமிஷம் பயம் வரவில்லை. சதாசிவத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"குடியிருக்கிறவங்களைக் காலி பண்ணாம வீட்டைக் காட்டுறீங்களா? நாளைக்கு நான் கோர்ட்டுக்கு அலையணுமா? தரகன் புத்தியைக் காட்டிட்டீங்களே!"

சம்சாரத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் நின்ற குதிரை வண்டிக்குப் போய்விட்டார். நான் பின்கட்டுக்கு ஓடினேன். ஒருவரும் இல்லை. கொல்லைக் கதவு உள்பக்கம் தாழிட்டபடி இருந்தது, தாழ் துருவேறி இறுகிக் கிடந்தது. சுற்றுச்சுவர் என்னைவிட உயரம். கிணற்றில் ராட்டினம் இல்லை, கயிறு இல்லை, வாளி இல்லை. ஆனால் துவைக்கிற கல்லடியில் சிமெண்டுத் தரை நனைந்திருந்தது. அந்த வெயிலில் அது ஓரத்திலிருந்து காய்ந்து சுருங்கிக்கொண்டே வந்ததை நின்று பார்த்தேன். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து, கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நேரே பாத்திரக்கடைக்குத்தான் போனேன். சிங்காரம் ஒரு தவலையை எடை போட்டுக்கொண்டிருந்தார். சாவியைக் கொடுத்துவிட்டு, "வேற ஆளை வெச்சுக்குங்க முதலாளி" என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். பின்கட்டில் ஒரு அம்மாள் நின்றதாகவும், பேசியதாகவும், ஒரு ஓரமாக இருந்துகொள்கிறேன் என்று சொன்னதாகவும் மட்டும் சொன்னேன். பாத்திரத்தைப் பற்றிச் சொல்லவில்லை, அவர் முகத்துக்கு நேரே அதை எப்படிச் சொல்வது? காதைப் பற்றியும் சொல்லவில்லை. சிரிப்பார் அல்லது திட்டுவார், குறைந்தபட்சம் குடித்திருக்கிறாயா என்றாவது கேட்பார் என்று நினைத்தேன்.

அவர் தவலையைக் கீழே வைத்தார். கடைப் பையன்கள் தள்ளி நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தோட்டைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவருக்கு மூச்சு வந்தது. "சரி, போயிட்டு வாங்க" என்று மறுபடியும் தராசைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். பன்னிரண்டு மாதமும் ஊர்ச் சண்டை, பங்காளிச் சண்டை பார்க்கிற எனக்கே அது புதிதாக இருந்தது. செத்த பெண்டாட்டி வந்து நின்றாள் என்று ஒருத்தன் சொல்கிறான், அந்த ஆளுக்குப் பயம் தோட்டைப் பற்றித்தான்.

வேறொரு தரகர் அந்த வீட்டை முடித்துக்கொடுத்தார். வாங்கியவர்கள் இடித்துவிட்டு எதையோ கட்டினார்கள். சிங்காரத்துக்கு ஒரு கேடும் வரவில்லை, கடையைப் பெரிதாக்கினார், புதுக் கிளை திறந்தார், நன்றாகவே இருந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த மாதிரிக் கதைகளில் கெட்டவன் ரத்தம் கக்கிச் சாவான், நிஜத்தில் அப்படி எதுவும் நடப்பதில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் வெயில், பிரமை, யாரோ பக்கத்து வீட்டுக்காரி என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி நானும் மறந்திருப்பேன். ஆனால் அதே வருஷம் ஆடி மாதம், சத்திரம் பஸ் நிலையத்தில் விசாலத்தைப் பார்த்தேன். மகள்களோடு நின்றிருந்தார். வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நான் ஒதுங்கினேன், அவரே கூப்பிட்டார்.

"அந்த அம்மா நல்லாயிருக்காங்களா? இப்ப எங்க இருக்காங்க?"

செத்துப்போன கதையை அவரிடம் எப்படிச் சொல்வேன்? "இருக்காங்கம்மா" என்றேன்.

"எங்க வீட்டுக்காரரு பேசினது தப்புதாங்க, மனசுல வெச்சுக்காதீங்க. ஆனா நீங்க செஞ்சதும் சரியில்லைங்க."

"நான் என்னம்மா செஞ்சேன்?"

"அன்னிக்கு வண்டிக்காரன் வர்ற வரைக்கும் நாங்க வண்டியிலயேதான் உக்காந்திருந்தோம், கிளம்புறப்ப நான் திரும்பிப் பாத்தேன். உங்க பின்னாடியே வாசல் வரைக்கும் வந்தாங்க. அவங்களும் வெளிய வரத்தான் காலை எடுத்து வெச்சாங்க. நீங்க பாட்டுக்கு அவங்க முகத்துக்கு நேராக் கதவைச் சாத்திப் பூட்டிட்டீங்களே."

அவருடைய பஸ் வந்துவிட்டது. குழந்தைகளை ஏற்றிவிட்டு அவரும் ஏறிக்கொண்டார்.