கக்கத்தில் ஒரு மூடி

வெந்த சேப்பங்கிழங்கைத் தோல் உரிக்கும்போது ஹவுலானி ஒவ்வொரு கிழங்குக்கும் தனித்தனியாக நன்றி சொல்வாள். உதடு மட்டும் அசையும். நடுவில் தொலைபேசி அடித்தால் எதற்குச் சொன்னோம், எதற்கு விட்டோம் என்று குழம்பிப்போய் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். சனிக்கிழமைக் காலை முழுவதும் கிழங்கு உரிப்பதிலேயே போய்விடும்.

பிறகு அதை இடித்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஊதா நிறக் கூழாக்குவாள். எங்கள் ஹீலோ ஊரில் எந்தக் கடையிலும் இந்தக் கூழ் பையில் கிடைக்கும். அவள் வாங்க மாட்டாள். “பைக்குள்ள இருக்கிறது யாரு வீட்டு அண்ணனோ” என்பாள். எங்கள் தீவுகளின் பழங்கதைப்படி முதலில் பிறந்தது கிழங்கு. மனிதன் அதற்குத் தம்பி. அதனால் கூழ்க் கிண்ணம் திறந்திருக்கும்வரை மேசையில் யாரும் சண்டை போடக் கூடாது, மூத்தவர் கூடவே உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். முறைத்துக்கொள்ளக்கூடக் கூழ் தீர்ந்து மூடி போடும்வரை காத்திருக்க வேண்டும்.

அவளுக்கு விமான நிலையத்தில் வேலை. பூச்சி பரவாமலிருக்க, பயணிகளின் பெட்டியில் பழமோ செடியோ ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துப் பிடுங்கிப் போட வேண்டும். பகலெல்லாம் அடுத்தவர் மாம்பழத்தைப் பறித்த பாவம் தீரத்தான் சாயங்காலம் தெருவுக்கே சமைக்கிறேன் என்று அவளே சொல்லிக்கொள்வாள். தெருவுக்கே அவள் ஆன்ட்டி. பக்கத்து வீட்டுக்காரன் நான், அவளைவிட மூத்தவன், எனக்கும் ஆன்ட்டிதான்.

என் மனைவி முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டு அடுப்பு எரியவே இல்லை. சாயங்காலமானால் வாசலில் ஒரு பாத்திரம் இருக்கும். இலையில் பொதிந்து ஆவியில் வெந்த பன்றி இறைச்சி, சேமியா மிதக்கும் கோழிச்சாறு, தேங்காய்ப்பாலைக் கெட்டியாகக் காய்ச்சிச் சதுரமாக வெட்டிய ஹவுப்பியா. மனைவி கோழிச்சாறைத் தொடாமல் முதலில் ஹவுப்பியாவைத்தான் தின்பாள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் எங்களிடம் இல்லை. என் தோட்டத்தில் காய்ப்பதோ எலுமிச்சை மட்டும். “இன்னிக்கும் எலுமிச்சையா? இதுல நான் குளிக்கவே செய்யலாம்” என்பாள். ஆனால் ஒன்றைக்கூட வீணாக்கியதில்லை.

இவ்வளவு சமைக்கிறவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் வெகுகாலமாகப் பார்த்ததில்லை. அடுப்போரமாக நின்றபடி, வாணலியில் ஒட்டியதைச் சுரண்டி வாயில் போட்டுக்கொள்வாள். எல்லாம் அவளுடைய இரண்டு தம்பிகளால் வந்தது. மூத்தவர் கெகோவாவுக்கும் இளையவன் பிலிப்போவுக்கும் பொதுவாக ஒரு மீன்பிடிப் படகு இருந்தது. அலை சரியில்லாத ஒரு நாளில் அண்ணனைக் கேட்காமல் பிலிப்போ அதை எடுத்துப் போய்ப் பாறையில் மோதினான். இனி நீ எனக்குத் தம்பியே இல்லை என்று கெகோவா சொல்லிவிட்டார். எஞ்சினைக் கழற்றித் தன் கொட்டகைக்குக் கொண்டுபோனார். உடைந்த படகு பிலிப்போவின் முற்றத்தில் கிடந்தது. இருவருக்கும் மீன் இல்லை.

அன்றிலிருந்து ஹவுலானி பெரியவருக்குச் சனிக்கிழமையும் சின்னவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் சமைத்தாள். “ரெண்டு நாளும் சமைக்கிறேன். ஒரு நாளும் உட்கார்ந்து திங்கத் தோணல” என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

போன மாதம், ஞாயிற்றுக்கிழமை தனக்கு வேலை இருப்பதாகக் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிப் பிலிப்போவைச் சனிக்கிழமையே வரச் சொன்னாள். என்னையும் கூப்பிட்டாள். சின்னவன் கதவைத் திறந்ததும் பெரியவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வாயைத் திறக்கவும் போனார். அதற்குள் ஹவுலானி கிண்ணத்தின் மூடியை எடுத்துத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

கெகோவா கூழைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். பிலிப்போ மேசையின் மறுகோடியில் போய் அமர்ந்தான்.

அப்படி ஒரு சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை. தக்காளியோடு பிசைந்த உப்பு சால்மன் மீன் வேண்டுமென்று கெகோவா என்னிடம் கேட்டார். தட்டு பிலிப்போவின் முழங்கையை ஒட்டி இருந்தது. நான் எழுந்து மேசையைச் சுற்றிப் போய் எடுத்து வந்தேன். பிறகு பிலிப்போவுக்கு உப்பு வேண்டியிருந்தது, மறுபடி சுற்றினேன். ஹவுலானி மூடியோடு அடுப்பருகே நின்றுகொண்டு என் நடையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். வெளியே மழை வலுத்தது.

கிண்ணத்தில் அடி தெரியத் தொடங்கியதும் அவள் முகத்தில் சிரிப்பு போயிற்று. பிசைய வேறு கிழங்கில்லை. தம்பிகள் இருவரும் விரலால் மெதுவாக, மிக மெதுவாகத் தொட்டுத் தின்றார்கள். கடைசியில் இரண்டு விரல் கூழ் மிஞ்சியது. கெகோவா விளிம்பை வழித்துச் சுத்தமாக்கி, கிண்ணத்தைத் தம்பி பக்கம் தள்ளினார்.

“நீ தின்னு.”

அந்தச் சண்டைக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். பிலிப்போ கையை மடியில் வைத்துக்கொண்டான்.

“வேணாம்ணா. தின்னா தீந்துரும். தீந்தா நீ எந்திரிச்சுப் போயிருவ.”

கெகோவா கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“தீந்தா தீரட்டும்” என்றார் கடைசியில். “காலையில எஞ்சின எடுத்துட்டு வரேன். வீட்டுல இரு.”

பிலிப்போ தலையை மட்டும் ஆட்டினான். கிண்ணத்தை யாரும் தொடவில்லை. ஹவுலானி கக்கத்திலிருந்த மூடியை எடுத்து அடுப்பின் மேல் வைத்தாள். சுவரோரம் கிடந்த முக்காலியை இழுத்துவந்து இரண்டு தம்பிகளுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, மிச்சமிருந்த கூழை இரண்டு விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டாள்.